உன் அம்மா குல்மார்க் வந்த பனிக்காலம்

கண்ணு,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். உன் அத்தைகள் சேலைகளைப் பிரித்துப் போட்டு, எதை லூதியானாவுக்குக் கொடுத்தனுப்புவது, எதை இங்கேயே வைத்துக்கொள்வது என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எழுந்து நாலடி நடந்தால் இதையெல்லாம் உன்னிடம் நேரிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நான் வாயைத் திறந்தால் பாதியில் அழுதுவிடுவேன். "கல்யாண ஊட்டுல என்னண்ணா இது?" என்று உன் அத்தை அதட்டுவாள். அதனால் எழுதுகிறேன். உன்னை லூதியானாவில் கொண்டுபோய் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பும்போது இதை உன் கையில் தருவேன். எல்லோரும் வேலைக்குப் போனபிறகு, வெயில் வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி. அந்த ஊரில் தை மாதத்து வெயில் நல்லது. வீணாக்காதே.

நிச்சயத்துக்கு வந்த அன்று உன் மாமனார் நம் வீட்டுச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, "இது யாருங்க, காலுல ரெண்டு பலகையக் கட்டீட்டு நிக்கறது?" என்று கேட்டார் அல்லவா? உன் அம்மா, "அது இவருதானுங்க. பனியில வழுக்கீட்டு ஓடுற பந்தயத்துல ஜெயிச்சவருங்க" என்றாள். அவர் ஸ்டூடியோவில் திரை கட்டி எடுத்த படம் என்று நினைத்துச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய். எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. கட்டிங் டேபிளில் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தால் யாருக்குத்தான் நம்பத் தோன்றும்? ஆனால் அன்று சாயங்காலம் நீ என் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, அங்க குளிர் எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டாய். "ஸ்வெட்டர் போட்டா தாங்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். நீ கேட்டது குளிரைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போது சொல்ல வராத பதில்தான் இது.

எனக்கு மீசை முளைக்கத் தொடங்கிய வயதில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடித்துக் கட்டுகிற வேலை பார்த்தேன். பகலெல்லாம் பனியன் மடிப்பது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவிநாசிபாளையத்துக்கு ஓடிப்போய்ச் சடுகுடு ஆடுவது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. சடுகுடுவில் என்னைப் பிடிப்பது கஷ்டம் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேர் இருந்தது. பலத்தினால் வந்த பேர் அல்ல அது. நான் ஒல்லி. தோள் ஒரு பக்கம் போகிற மாதிரி காட்டும், இடுப்பு அதற்குள் வேறு பக்கம் போயிருக்கும். கோயமுத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விளையாட்டாகப் போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள். என் அப்பா, அதாவது உன் அப்பாரு, நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "போறதுதான் போற, நல்ல கால்செருப்பா ஒண்ணு வாங்கீட்டுப் போ" என்றார். அவருடைய ஆசீர்வாதம் அப்படித்தான் இருக்கும்.

நடுவில் லீவில் வந்து உன் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். நீ பிறந்தாய். நீ குப்புற விழுந்து தவழ்கிற சமயத்தில் எங்கள் ஆட்களைக் காஷ்மீருக்கு அனுப்பினார்கள். குல்மார்க் என்று ஓர் இடம். வேனிற்காலத்தில் பச்சைப் புல்மேடு, குளிர்காலத்தில் வீட்டுக் கூரை வரைக்கும் பனி. அங்கே பட்டாளத்துக்காரர்களுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்தார்கள். எல்லை முழுவதும் பனிமலை, அதில் நடக்க முடியாது, சறுக்கித்தான் போகவேண்டும். மற்ற ஆட்கள் மலைநாட்டுக்காரர்கள். மதராசி நான் ஒருவன்தான். ஏன் என்னை எடுத்தார்கள் என்று பிறகு கேப்டனிடம் கேட்டேன். மைதானத்தில் நான் சடுகுடு ஆடியதை அவர் பார்த்திருக்கிறார்.

முதல் பனியைப் பற்றி உனக்கு அழகாக எழுதவேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் விழுந்ததுதான். ஆளை விட உயரமான மரப்பலகைகள், ஓரத்தில் இரும்புப் பட்டை. முரட்டுத் தோல் பூட்ஸ், அதைப் பலகையோடு சேர்த்துக் கட்ட ஒரு கம்பி. நின்றால் விழுந்தேன். நடந்தால் விழுந்தேன். சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போதும் விழுந்தேன். பீம் சிங் என்று குலு பக்கத்துக்காரன் ஒருவன் இருந்தான். நடக்கப் பழகுவதற்கு முன்னாலேயே பனியில் சறுக்கியவன் என்று அவனைப் பற்றிச் சொல்வார்கள். நான் விழும்போதெல்லாம் அவன் கை தட்டுவான். "மதராசி, பூமிக்கு முத்தம் கொடுத்தது போதும், எழுந்திரு" என்று இந்தியில் கத்துவான். எனக்கு அப்போது இந்தி அவ்வளவாகத் தெரியாது. பாராட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு சிரிப்பேன். அவன் இன்னும் அதிகமாகக் கை தட்டுவான். லூதியானாவில் உனக்கும் இப்படி நடக்கும், கண்ணு. பாஷை புரியாத இடத்தில் நாம் தப்பான இடத்தில் சிரிப்போம். சிரித்துவிட்டுப் போ. என்னைக் கேலி செய்தவனே அந்த மலையில் எனக்குக் கிடைத்த நல்ல சிநேகிதன். புரிந்திருந்தால் முதல் நாளே சண்டை போட்டிருப்பேன்.

நேராகக் கீழே பாய்கிற பந்தயத்தில் நான் எப்போதும் கடைசி. பயம். ஆனால் ஸ்லாலம் என்று ஒரு பந்தயம் உண்டு. சரிவில் இரண்டிரண்டு மூங்கில் கம்பங்களாகக் கொடி கட்டி நட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஜோடிக் கம்பமும் ஒரு வாசல். வாசல்கள் நேராக இருக்காது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, திடீரென்று குறுக்கே ஒன்று. எல்லா வாசலிலும் நுழைந்து வளைந்து வளைந்து கீழே வரவேண்டும். ஒரு வாசலை விட்டாலும் ஓடியது கணக்கில் இல்லை. இரண்டு முறை ஓடவிட்டு, இரண்டு நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவன் ஜெயித்தவன். முதல் தடவை அந்தக் கம்பங்களைப் பார்த்தபோது எனக்கு எதுவுமே புதிதாகத் தோன்றவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் கையை விரித்துக்கொண்டு நிற்கிற ஆட்களாகத்தான் தெரிந்தது. தோளைக் கீழ்ப்பக்கம் பார்த்தபடியே வைத்துக்கொண்டு இடுப்பையும் முழங்காலையும் மட்டும் திருப்பவேண்டும். மலைநாட்டுக்காரர்கள் அதைக் கற்றுக்கொள்ள ஒரு குளிர்காலம் ஆயிற்று. எனக்கு அது அவிநாசிபாளையத்தில் புழுதியிலேயே வந்திருந்தது.

பந்தயத்துக்கு முன்னால் சரிவில் நடந்து ஏறி வாசல்களை மனப்பாடம் செய்ய விடுவார்கள். ஓடும்போது யோசிக்க நேரம் இருக்காது. எல்லோரும் எண் போட்டு வைத்துக்கொள்வார்கள். எனக்கு எண் மறந்துபோகும். அதனால் திருப்பூரிலிருந்து தாராபுரம் போகிற பஸ் ரூட்டில் வைத்துக்கொண்டேன். மேலே முதல் வாசல் பஸ் ஸ்டாண்டு. அடுத்து கோவில்வழி. இடது பக்கம் ஒடிந்து திரும்பினால் அவிநாசிபாளையம். அப்புறம் குண்டடம். நடுவில் உள்ளதற்கெல்லாம் டீக்கடை, புளியமரம், மாட்டுச்சந்தை. கடைசியில் தாராபுரம். கண்ணை மூடிக்கொண்டு கையை இப்படியும் அப்படியும் வளைத்து நான் முணுமுணுப்பதைப் பார்த்து, மதராசி மந்திரம் சொல்கிறான் என்று பயந்தவர்கள் உண்டு.

இரண்டாம் குளிர்காலம் நான்காவதாக வந்தேன். மூன்றாம் குளிர்காலம் ஜெயித்தேன். பீம் சிங் இரண்டாவது. அவன் பலகைகளைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தான். பிறகு என் தோளில் ஒரு குத்துவிட்டு, "பனியே இல்லாத ஊரிலிருந்து வந்து என் பனியைத் திருடிவிட்டாய்" என்றான். அடுத்த வருஷமும் நானே. கோப்பையை ஊருக்கு அனுப்பினேன். உன் அப்பாரு அதை அனுப்பர்பாளையத்துக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு பாத்திரக்காரரிடம் காட்டியிருக்கிறார், வெள்ளியா என்று. அவர் லேசாகச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "பித்தளைதானுங்க. ஆனா நல்ல பித்தளை" என்றாராம். உன் அப்பாருவுக்கு அதுவே பெருமை. டீக்கடையில் உட்கார்ந்து, "பையன் காஷ்மீர்ல பனியில ஓட்டறானுங்க" என்று சொல்ல, காது மந்தமான ஒருவர், "பனியனா? அத இங்கயே ஓட்டலாமுங்களே, அதுக்கு எதுக்குங்க அவ்வளவு தூரம் போகோணும்?" என்று கேட்டிருக்கிறார். ஊர் முழுக்க அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் ஓடியது.

சிரிப்புக்குப் பின்னால் வேறொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. பந்தயமும் பயிற்சியும் குளிர்காலத்தில்தான். அதனால் பொங்கலுக்கு எனக்கு லீவு கிடைக்காது. ஊரில் உள்ள மற்ற பட்டாளத்துக்காரர்கள் எல்லாம் மாட்டுப் பொங்கலுக்கு வந்து நிற்பார்கள், உன் அம்மா மட்டும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தனியாக நிற்பாள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்றால் சரி. பிறகு பேச்சு கிளம்பியது. காஷ்மீர்ப் பெண்கள் சிவப்பாம், அவனுக்கு அங்கே இன்னொரு வீடு இருக்கிறதாம். உன் அம்மாவைப் பெற்ற அப்புச்சி காதுக்கும் அது போயிற்று. அவர் மாட்டு வண்டியைக் கட்டிக்கொண்டு வந்து, "கொழந்தையத் தூக்கீட்டு நம்ம ஊட்டுக்கு வந்துரு சாமி" என்று கூப்பிட்டிருக்கிறார். உன் அம்மா போகவில்லை. "நான் அங்க போயிப் பாத்துட்டு வந்து சொல்றேனுங்க. இருந்தா உங்க ஊட்டுக்கு வாறேன். இல்லீன்னா இனிமே ஆரும் பேசப்படாது" என்று சொல்லியிருக்கிறாள். அதுவரை கோயமுத்தூரைத் தாண்டாதவள் அவள்.

உன் சின்ன மாமனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, உன்னையும் தூக்கிக்கொண்டு, சென்னை போய், டில்லி போய், பதான்கோட் போய், அங்கிருந்து பஸ்ஸில் மலைமலையாக ஏறி வந்தாள். டில்லியிலிருந்து ஒரு தந்தி மட்டும் வந்தது, வருகிறேன் என்று. காரணம் போடவில்லை. ஊரில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நான் நடுங்கிப்போனேன். கேப்டன் நல்ல மனுஷர். ரேஷன் லாரியில் இடம் சொல்லி, அடிவாரம் வரைக்கும் கூட்டிவர ஏற்பாடு செய்தார். அங்கிருந்து மட்டக்குதிரை. நான் பாதி வழி இறங்கிப்போய் எதிர்கொண்டேன். சுங்கடிச் சேலை, அதன்மேல் டில்லியில் வாங்கிய ஆம்பிளை ஸ்வெட்டர், தலையைச் சுற்றிச் சால்வை, காலில் கான்வாஸ் ஷூ. கம்பளிக்குள்ளிருந்து உன் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. உன் மாமன் பல் அடிக்கப் பேச முடியாமல் பின்னால் வந்தான். உன் அம்மா குதிரையைவிட்டு இறங்கவில்லை. சுற்றிலும் ஒரு தரம் பார்த்தாள்.

"ஏனுங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்கறாங்க. நீங்க பயந்துக்க வேண்டாம்" என்றாள்.

"அப்பறம் எதுக்கு இந்தக் குளிருல கொழந்தையத் தூக்கீட்டு..."

"உங்களுக்கு இங்க இன்னொரு ஊடு இருக்குதுன்னு சொல்றாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அவள் முகம் மாறவில்லை. "சிரிக்காதீங்க. நீங்க இப்பத்தான் இதக் கேட்டுச் சிரிக்கறீங்க. நான் ரெண்டு வருசமா அழுதிருக்கறேன்" என்றாள். அந்த மலையில் நான் எவ்வளவோ உயரத்திலிருந்து விழுந்திருக்கிறேன், கண்ணு. எதிலும் அப்படி அடிபட்டதில்லை. கல்யாணமாகிப் போகிற பெண்ணுக்கு அப்பா என்ன சொல்வார், பொறுத்துப் போ என்பார். நான் சொல்ல மாட்டேன். மனதில் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டால் உன் அம்மா செய்ததைச் செய். நேரே போ, பார், முகத்தைப் பார்த்துக் கேள். அவள் அன்று கேட்டிராவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் சாகும்வரை ஒருவரை ஒருவர் ஊகித்துக்கொண்டே இருந்திருப்போம்.

அதற்கு மூன்றாம் நாள் பந்தயம். அந்த வருஷம் அது வெறும் பந்தயம் இல்லை. ஜெயிக்கிறவனை வெளிநாட்டுக்கு அனுப்பப்போகிறார்கள், ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையில் போய் மற்ற தேசத்துக்காரர்களோடு ஓடலாம் என்று பேச்சு இருந்தது. எனக்கு அது தெரியும், பீம் சிங்குக்கும் தெரியும். உன் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவள் என்னை ஊருக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்திருந்தது. உன் அப்புச்சிக்குத் தெரிந்த பனியன் கம்பெனியில் மேஸ்திரி வேலை தயாராக இருக்கிறது, பட்டாளத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று வந்த அன்றே சொன்னாள். பந்தயம் முடியட்டும், பதில் சொல்கிறேன் என்றேன்.

முதல் ஓட்டம் நன்றாக இருந்தது. வழுக்குவதற்காகப் பலகையின் அடியில் தேய்த்த மெழுகு கச்சிதமாகப் பிடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டில் கிளம்பினேன், தாராபுரத்தில் போய் நின்றேன். நடுவில் எதுவும் நினைவில்லை. அப்படி நினைவில்லாமல் இருந்தால்தான் நல்ல ஓட்டம். எல்லோரையும்விட முன்னால் இருந்தேன். கீழே உன் அம்மா பீம் சிங்கின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். நீ பனியை அள்ளித் தின்றுவிட்டு, "இது இனிக்கலீங்க" என்று கேப்டனிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தாய். அவருக்குத் தமிழ் தெரியாது. ரொம்ப மரியாதையாகத் தலையாட்டினார்.

இரண்டாவது ஓட்டத்துக்குள் சூரியன் மறைந்து சரிவு இறுகிக் கண்ணாடியாகிவிட்டது. எல்லோருக்கும் அதே சரிவுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோவில்வழி தாண்டினேன், அவிநாசிபாளையம் திரும்பினேன். அதுவரை சரி. கம்பங்களுக்கிடையில் ஓடும்போது பக்கத்தில் இருக்கிற கம்பத்தைப் பார்க்கவே கூடாது. அதற்கு அடுத்ததையும் அதற்கு அடுத்ததையும் பார்த்துக்கொண்டே போகவேண்டும். அன்று நான் அடுத்த கம்பத்தைப் பார்க்கவில்லை. கீழே சேலைக் கலரைப் பார்த்தேன். குண்டடத்தில் பலகையின் ஓரம் பிடி விட்டது. வாசலுக்கு வெளியே போய் விழுந்து, நன்றாகக் கீழே வழுக்கிக்கொண்டு போய், ஒரு பலகை கழன்று நின்றேன். நீ வீறிட்டு, "அப்பா வுழுந்துட்டாங்க!" என்றது அந்த மலை முழுவதும் கேட்டது.

முடிந்தது என்று தெரியும். அப்படியே சறுக்கிக் கீழே வந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள், நிறையப் பேர் அப்படித்தான் வருவார்கள். ஆனால் எனக்கு வர முடியவில்லை. பலகையை மாட்டினேன். பக்கவாட்டில் ஒவ்வோர் எட்டாக வைத்து மேலே ஏறினேன். விட்டுப்போன வாசல் வரைக்கும் ஏறி, அதில் நுழைந்து, மற்ற எல்லா வாசலிலும் நுழைந்து, மெதுவாகத்தான், ஆனால் ஒன்றைக்கூட விடாமல் தாராபுரம் வந்து சேர்ந்தேன். என் பின்னால் பீம் சிங் அற்புதமாக ஓடி ஜெயித்தான். நான் கடைசி.

உன் அம்மா என் தலையில் இருந்த பனியைத் தட்டிவிட்டாள். பிறகு கேட்டாள்: "வுழுந்ததுக்கப்பறம் எதுக்குங்க திரும்பி மேல ஏறுனீங்க? அப்படியே வந்திருக்கலாமில்ல?"

"அந்த வாசலுக்குள்ள நுழையாம வந்தா ஓடுனது கணக்குல சேராது."

"சேந்தும் நீங்க கடைசிதானுங்களே."

"கடைசிங்கறது ஒரு எடம். கணக்குல சேரலைன்னா எடமே இல்ல."

அவள் சரிவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கம்பங்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். "செரி" என்றாள். "அப்ப நீங்க அடுத்த வருசமும் ஓடுங்க. ஊருல நான் பாத்துக்கறேன்." நான் ஜெயித்த எந்தப் பந்தயத்தையும் அவள் பார்த்ததில்லை. தோற்ற ஒன்றைத்தான் பார்த்தாள். அதைப் பார்த்துத்தான் என்னை அங்கேயே விட்டுவிட்டுப் போக முடிவு செய்தாள். ஜெயித்திருந்தால் ஒருவேளை கையோடு கூட்டி வந்திருப்பாள்.

கிளம்புவதற்கு முன்னால் பீம் சிங் ஒரு சமதரையில் அவளுக்குப் பலகை மாட்டிவிட்டான். சேலைக் கொசுவத்தை அள்ளிச் செருகிக்கொண்டு, "அய்யோ முருகா, அய்யோ முருகா" என்று கத்திக்கொண்டே கொஞ்ச தூரம் போனாள், அப்புறம் மெதுவாக உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான். ஊருக்குப் போனதும் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து விசாரித்திருக்கிறார்கள். "ஆமாங்க, இன்னொரு ஊடு இருக்குதுங்க. போயி இருந்துட்டுத்தான் வந்தேன். வெள்ளையா, பெருசா, நல்லா இருக்குது. என்ன, ஒக்கார உடாது, வழுக்கி உட்டுரும்" என்றாளாம். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

அந்த ஐரோப்பாப் பயணம் யாருக்கும் கிடைக்கவில்லை. பீம் சிங்குக்குத் துணிமணி அளவெடுத்தது வரைக்கும் நடந்தது. அதற்குள் சீனாக்காரனோடு சண்டை வந்துவிட்டது. பந்தயம், கோப்பை எல்லாம் நின்றுபோய், எங்களை மேலே காவல் சாவடிகளுக்கு அனுப்பினார்கள். சண்டை நின்ற பிறகும் காவல் நிற்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள், நாங்கள் ஐந்து பேர் ரோந்து போய்த் திரும்பும்போது பனிக்காற்று பிடித்துக்கொண்டது. பீம் சிங்கின் ஒரு பூட்ஸ் கிழிந்து உள்ளே பனி போயிருந்தது. அவன் சொல்லவில்லை. சொன்னபோது அவனால் நிற்க முடியவில்லை. அவன் பலகைகள் இரண்டையும் சேர்த்துக் கட்டி அதன்மேல் படுக்கவைத்து, கயிற்றை என் இடுப்பில் மாட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். வழி முழுவதும் தேவதாரு மரங்கள். மற்றவர்கள் பின்னாலிருந்து ஒரு கயிற்றைப் பிடித்து வேகத்தைக் குறைத்தார்கள். மரத்துக்கு மரம் வளைந்து வளைந்து, அவன் தலை எதிலும் மோதாமல், வெளிச்சம் போவதற்குள் கீழ்ச்சாவடிக்கு வந்தோம். அவ்வளவு வருஷம் கம்பங்களுக்கு நடுவே ஓடிப் பழகியதற்கு அந்த ஒரு மத்தியானம் போதும். வழி நெடுக அவன் என்னைத் திட்டிக்கொண்டே வந்தான், நான் திரும்புவது சரியில்லை என்று. அவன் திட்டுகிற வரைக்கும் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தைரியம்.

உயிர் பிழைத்தான். வலது கால் விரல்கள் போய்விட்டன. ஓட்டமும் போயிற்று. மறுபடி பந்தயங்கள் தொடங்கியபோது நான் இறங்க மாட்டேன் என்றேன். அவன் இல்லாமல் எனக்கு அந்தச் சரிவு பிடிக்கவில்லை. அவன் தடியை ஊன்றிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்தான். "உன்னைத் தோற்கடிக்க எனக்குக் கால் இல்லை. அதனால் நீயும் வீட்டில் உட்காரப்போகிறாயா? வெட்கமாக இல்லை?" என்று கேட்டுவிட்டு, என் பலகைகளை எடுத்துக்கொண்டு போய் அவனே மெழுகு தேய்த்தான். பந்தயத்தன்று மேலே கிளம்புகிற இடத்தில் என் பின்னால் நின்று, "மதராசி, மெதுவாகப் போவதானால் மேலேயே இரு" என்றான். ஜெயித்தேன். அதுதான் கடைசி. அடுத்த குளிர்காலம் பயிற்சியில் முழங்கால் திருகிக்கொண்டது. டாக்டர் பலகையைத் தொடக்கூடாது என்றார். சில வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, பென்ஷனோடு ஊர் வந்தேன். உன் அப்புச்சி சொன்ன அதே கம்பெனி. கட்டிங் டேபிள். நீ அப்போது பாவாடை சட்டையோடு என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, தெரியாதவள் மாதிரி, "ஆருங்க நீங்க?" என்று கேட்டாய்.

ஒரு விஷயம் கேட்டுக்கொள். அந்த ஊரில் காலைக் காய வை. ஈரச் சாக்ஸோடு எங்கும் நிற்காதே, வேறு எந்த நகையைவிடவும் இரண்டு ஜோடி உலர்ந்த சாக்ஸ் உனக்கு முக்கியம். முதல் வருஷம் நிறைய விழுவாய். ரொட்டி வட்டமாக வராது, இந்தி வாயில் நிற்காது, பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள். விழும்போது விறைத்துக்கொண்டு விழாதே, உடம்பைத் தளர்த்திப் பக்கவாட்டில் விழு. எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். மாப்பிள்ளை ஸ்வெட்டர் கம்பெனியில் மெஷின் பார்க்கிறவர், நிதானமானவர் என்று தெரிகிறது. அவரிடமும் கேள், எல்லாவற்றையும் கேள்.

முந்தாநாள் உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "ஏனுங்க, லூதியானாவுல இருந்து பதான்கோட் ரொம்பத் தூரமுங்களா?" என்றாள். எதுக்கு என்று கேட்டேன். "சும்மாத்தான்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து முறத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நான் அங்க வந்தது உங்களப் பாக்கறதுக்குங்க. பனியப் பாக்கவே இல்ல. இப்பப் பாக்கோணும்" என்றாள்.

இதைப் படிக்கிற நேரம் நாங்கள் திருப்பூர் போகிற ரயிலில் இருக்கிறோம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய், கண்ணு. இல்லை. உன்னிடம் சொன்னால் நீயும் வருகிறேன் என்பாய், புதுப்பெண்ணை அப்படிக் கூட்டிப்போக முடியாது. அதனால் சொல்லாமல் பதான்கோட் வண்டியில் ஏறிவிட்டோம். என் முழங்கால் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் போய்விட்டு வருகிறோம். திரும்பும்போது உன் வீட்டில்தான் இறங்குவோம், எங்களுக்கு முதல் விருந்து நீதான் போடவேண்டும். உன் அம்மாவின் கால் நனைந்திருக்கும். வெந்நீர் போட்டு வை.

அப்பா